மூன்று ஆகஸ்ட் ஐந்துகள்: மாவோவின் களையெடுப்பு நடந்த விதம்

பெய்ஜிங், 1966 ஆகஸ்ட் 5. சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை குடியிருந்த சொங்னான்ஹாய் வளாகத்துக்குள், 72 வயது மாவோ சேதுங் ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதினார். ‘தலைமையகத்தின் மீது குண்டு வீசுங்கள்: என்னுடைய பெரிய எழுத்துச் சுவரொட்டி’ என்று தலைப்பு. அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறார் என்பதில் மேல்மட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. நாட்டின் தலைவர் பதவியில் இருந்த லியு ஷாவோச்சி. கட்சியில் மாவோவுக்கு அடுத்த இடம் அவருடையது.

அதே நாள் பிற்பகல், அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில், மாணவிகள் தங்கள் துணைத் தலைமை ஆசிரியையை அடித்துக் கொன்றார்கள்.

மாவோ எழுதியது அந்த மாணவிகளுக்குத் தெரியாது. கட்சிக் கூட்டத்திலேயே அது சுற்றுக்கு வந்தது இரண்டு நாள் கழித்துத்தான். ஆக, உத்தரவு போய் அவர்கள் கொல்லவில்லை. உத்தரவே இல்லாமல் ஒரு கொலை எப்படி நடந்தது, அதைச் செய்தவர்கள் தாங்கள் தலைவர் மனதில் இருப்பதைத்தான் செய்கிறோம் என்று எப்படி நம்பினார்கள் என்பதே இங்கே கேள்வி. 1967, 1968 ஆண்டுகளிலும் இதே தேதியில் இரண்டு சம்பவங்கள் உண்டு. ஒன்று வேண்டுமென்றே குறித்த தேதி, மற்றது தற்செயல். மூன்றையும் சேர்த்து வைத்தால் கலாசாரப் புரட்சி என்ற பெயரில் நடந்த களையெடுப்பின் சூத்திரம் ஓரளவு பிடிபடுகிறது.

களையெடுப்பு என்று தமிழில் நாம் சொல்வது சும்மா பொருந்திவிட்ட சொல் அல்ல. மாவோவே கையாண்ட உருவகம் அது. 1957-ல் ‘நூறு பூக்கள் மலரட்டும்’ என்று அறிவாளிகளைப் பேசச் சொன்னார். பேசினார்கள். உடனே ‘மணமுள்ள பூ எது, நச்சுக்களை எது’ என்ற கேள்வி வந்தது. வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர். நம் ஊரில் களை பறிக்கிற பெண்களுக்கு நெல் எது கோரை எது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அங்கே அந்த அடையாளம் வாரத்துக்கு வாரம் மாறியது.

பஞ்சமும் ஒரு பேச்சும்

1958-ல் மாவோ தொடங்கிய ‘மாபெரும் பாய்ச்சல்’ எப்படி முடிந்தது என்பது தெரிந்த கதை. கம்யூன்கள் என்ற கூட்டுப்பண்ணைகள், கொல்லைப்புற இரும்பு உலைகள், காகிதத்தில் மட்டும் விளைந்த நெல். பிறகு பஞ்சம். இறந்தவர்கள் எண்ணிக்கையில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை சொல்கிறார்கள். 1959-ல் லூஷான் மலையில் நடந்த கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதைப் பற்றி மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். பதவி போனது. அந்த நாற்காலியில் லின் பியாவ் உட்கார்ந்தார்.

லியு ஷாவோச்சி அப்போது மாவோ பக்கம்தான் நின்றார். இதை மறந்துவிட்டு அவரைப் பின்னாளில் வெறும் பலிகடாவாக எழுதுபவர்கள் உண்டு. அவர் அப்படிப்பட்ட அப்பாவி அல்ல. கட்சிக்குள் மாவோவின் சிந்தனையை வழிபாட்டுப் பொருளாக ஏற்றி வைத்ததில் 1940-களிலேயே அவருக்குப் பங்குண்டு. ஆனால் 1961-ல் தன் சொந்த மாகாணமான ஹுனானுக்குப் போய் 44 நாள் தங்கினார். சொந்த ஊரையும் பார்த்தார். பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. 1962 தொடக்கத்தில் சுமார் 7,000 ஊழியர்கள் கூடிய பெய்ஜிங் மாநாட்டில், ஹுனான் விவசாயிகள் சொன்ன ஒரு கணக்கை அப்படியே எடுத்துச் சொன்னார்: பஞ்சத்துக்குக் காரணம் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதர்கள்.

அந்த ஏழு பங்கு யார் தலையில் விழும் என்பது மாவோவுக்குத் தெரியாதா என்ன? இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 1956-ல் சோவியத் தலைவர் குருஷேவ், தனக்கு முன் ஆண்டு செத்துப்போன ஸ்டாலினை மூடிய கதவுக்குள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். தனக்குப் பின் அதையே செய்யப்போகும் ஒருவர் தன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார் என்று மாவோ நினைத்தார். இது நம் ஊகம் இல்லை. 1966 மே 16 அன்று கட்சி வெளியிட்ட சுற்றறிக்கையில், குருஷேவ் போன்றவர்கள் நம் அருகிலேயே உறங்குகிறார்கள் என்ற வாசகம் இருக்கிறது.

ஆரம்பம் ஒரு நாடக விமர்சனம். மிங் காலத்து நேர்மையான அதிகாரி ஹாய் ருய் பதவி இழந்த கதையைப் பெய்ஜிங் துணை மேயரும் வரலாற்றாசிரியருமான வூ ஹான் நாடகமாக எழுதியிருந்தார். 1965 நவம்பர் 10 அன்று ஷாங்காய் பத்திரிகையில் யாவ் வென்யுவான் அதை நச்சுக்களை என்று எழுதினார். கட்டுரைக்குப் பின்னால் மாவோவின் மனைவி சியாங் சிங் இருந்தார். அந்த ஹாய் ருய், பெங் தெஹுவாய்தான் என்பது மறைபொருள். நாடகத்தில் பிடித்த நூலை இழுத்தால் வூ ஹான் வருவார், அவரை இழுத்தால் மேயர் பெங் சென், அவரை இழுத்தால் லியு. அப்படியேதான் நடந்தது. வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார்.

பள்ளிக்கூடத்தில்

பெய்ஜிங் ஆசிரியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்தப் பெண்கள் பள்ளி சாதாரணப் பள்ளி இல்லை. மாவோ, லியு, கட்சிப் பொதுச்செயலாளர் டெங் சியாவோபிங் ஆகிய மூவர் வீட்டுப் பெண்களும் படித்த இடம். பொறுப்பில் இருந்தவர் அந்தத் துணைத் தலைமை ஆசிரியை, பியான் சொங்யுன். 50 வயது, நான்கு பிள்ளைகளின் தாய், பல ஆண்டுகளாகக் கட்சி உறுப்பினர்.

அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்றைப் பார்த்தால் போதும். 1966 மார்ச்சில் பெய்ஜிங் வரை உணரப்பட்ட நிலநடுக்கம் ஒன்று வந்தது. திரும்பவும் வந்தால் வகுப்பறையில் மாட்டியிருக்கும் தலைவர் மாவோவின் படத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா என்று மாணவிகள் கேட்டார்கள். பியான் நேராகப் பதில் சொல்லவில்லை. சீக்கிரம் வெளியே திறந்தவெளிக்கு ஓடுங்கள் என்றார். ஓர் ஆசிரியை வேறு என்ன சொல்வார்? ஆனால் ஜூன் மாதம் சுவரொட்டிகளில் அது ‘தலைவருக்கு எதிரானவர்’ என்பதற்குச் சாட்சியாக வந்து நின்றது.

பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஒட்டப்பட்டிருந்த ஒரு சுவரொட்டியை ஜூன் 1-ஆம் தேதி மாவோ நாடு முழுக்க வானொலியில் வாசிக்கச் சொன்னார். அன்றே கட்சி நாளேடு ‘மாட்டுப் பிசாசுகளையும் பாம்புப் பூதங்களையும் துடைத்தெறிவோம்’ என்று தலையங்கம் எழுதியது. பள்ளிகளில் பாடம் நின்றது. லியு, நிலைமையைக் கட்டுக்குள் வைக்கப் பழைய கட்சி வழக்கப்படி ‘பணிக்குழுக்களை’ அனுப்பினார். அந்தக் குழு இருந்தபோதே, ஜூன் 23 அன்று பியானை மேடையேற்றி அடித்தார்கள். அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். தான் சித்திரவதை செய்யப்பட்டதை விவரித்துப் பாதுகாப்புக் கேட்டார். பதில் இல்லை. வீட்டுக் கதவில் மிரட்டல் சுவரொட்டி ஒட்டப்பட்டது.

மாவோ அப்போது தலைநகரில் இல்லை. ஜூலை 16 அன்று வூஹானில் யாங்சி நதியில் நீந்திக் காட்டிவிட்டு, 18 அன்று திரும்பினார். வந்ததும் பணிக்குழுக்கள் மாணவர்களை ஒடுக்குகின்றன என்று குற்றம் சாட்டி அவற்றை விலக்கினார். ஜூலை முடிவதற்குள் பள்ளிகளில் பெரியவர்கள் என்று யாரும் மிஞ்சவில்லை. ஆசிரியர்கள் குற்றவாளிகள், பணிக்குழு போய்விட்டது. இருந்தது பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் மட்டும்.

ஆகஸ்ட் 4 இரவு அடிபட்டு வீடு திரும்பிய பியான், தன்னைப் போன்ற ஒருத்தியை அடித்துக் கொல்வது நாயை அடித்துக் கொல்வது போலத்தான் என்று கணவரிடம் சொன்னார். மறுநாள் காலை வழக்கம்போலப் பள்ளிக்குக் கிளம்பிப் போனார். போகாமல் இருந்தால் தப்பி ஓடியது இன்னொரு குற்றமாகும்.

பிற்பகலில் பள்ளித் தலைமையைச் சேர்ந்த ஐந்து பேரை மாணவிகள் இழுத்து வந்தார்கள். மேலே மை ஊற்றினார்கள். தலையில் கூம்புத் தொப்பி, கழுத்தில் அட்டை. மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தார்கள், மண் சுமக்க வைத்தார்கள். ஆணி அடித்த கட்டைகளால் அடித்தார்கள். கொதிநீர் அறையிலிருந்து சுடுநீர் கொண்டுவந்தார்கள். மாலை ஐந்து மணி வாக்கில் பியான் விழுந்தார். குப்பை அள்ளும் வண்டியில் கிடத்தி, மேலே சுவரொட்டிக் காகிதங்களைப் போட்டு மூடினார்கள். மருத்துவமனை தெருவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்தத் தெருவைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கணவர் வாங் சிங்யாவ் ஒரு வரலாற்றாய்வாளர். மறுநாள் கடைக்குப் போய் ஒரு கேமரா வாங்கினார். மனைவியின் உடலைப் படம் எடுத்தார். ரத்தம் தோய்ந்த உடைகளைப் பத்திரப்படுத்தினார். அழுதாரா, கத்தினாரா என்பதெல்லாம் அப்புறம். சாட்சியம் இல்லாவிட்டால் இப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அந்த மனிதருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

நகரக் கட்சித் தலைமைக்கு அன்றிரவே தகவல் போனது. யாரும் கைதாகவில்லை.

கதவைத் திறந்துவிட்டவர்கள்

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, கலாசாரப் புரட்சிக்கான 16 அம்ச முடிவு வெளியானது. அதில் ‘வாதத்தால் போராடுங்கள், பலத்தால் அல்ல’ என்ற வரி இருக்கிறது. காகிதத்தில். ஆகஸ்ட் 18 அன்று தியனான்மென் சதுக்கத்தில் பத்து லட்சம் பேர் திரண்ட கூட்டத்தில், அதே பெண்கள் பள்ளியின் மாணவித் தலைவிகளில் ஒருவரான சோங் பின்பின், மாவோவின் கையில் செங்காவலர் (மாவோவின் பெயரால் திரண்ட மாணவர் படை) பட்டையைக் கட்டினார். பெயர் என்ன என்று கேட்டார் மாவோ. பின்பின் என்றால் மென்மையும் பண்பும் என்று பொருள். ‘போர்க்குணம் வேண்டாமா?’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். 16 அம்சத்தையும் அந்த ஒரு வாசகத்தையும் பக்கத்தில் வைத்தால், எதைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

நான்கு நாள் கழித்து இன்னொரு தாள் கிளம்பியது. மாணவர் இயக்கத்தை அடக்கப் போலீஸைப் பயன்படுத்தக் கூடாது என்ற பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கையைக் கட்சி மையம் ஆகஸ்ட் 22 அன்று ஏற்று நாடெங்கும் அனுப்பியது. ராணுவத்துக்கும் முந்தின நாளே அப்படி ஓர் உத்தரவு போயிருந்தது. என் பார்வையில் மொத்த வழக்கிலும் மிக முக்கியமான ஆவணம் இதுதான். கொல் என்று எங்கும் எழுதவில்லை. தடுக்காதே என்று எழுதினார்கள்.

பெய்ஜிங்கில் மட்டும் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் கொல்லப்பட்டவர்கள் 1,772 பேர். இது பின்னாளில் அதிகாரபூர்வமாக வந்த எண். நாவலாசிரியர் லாவ் ஷே ஆகஸ்ட் 23 அன்று கன்பூசியஸ் கோயில் முற்றத்தில் அடிபட்டார், மறுநாள் ஏரியில் மூழ்கி இறந்தார். நகருக்குத் தெற்கே தாசிங் வட்டத்தில் மாத இறுதியில் சில நாட்களுக்குள் 325 பேர் கொல்லப்பட்டார்கள். மூத்தவருக்கு 80 வயது. இளையது பிறந்து 38 நாள் ஆன குழந்தை. முன்னாள் நிலப்பிரபு, பணக்கார விவசாயி என்று பட்டியலில் இருந்த குடும்பங்கள் அவை. 38 நாள் குழந்தைக்கு வர்க்கம் ஏது? ‘அப்பன் வீரன் என்றால் பிள்ளை நல்லவன், அப்பன் பிற்போக்காளன் என்றால் பிள்ளை கழிசடை’ என்று செங்காவலர் பள்ளிகளில் ஒரு ஈரடி அப்போது பிரபலம். சாதியை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாகத் தெரியாது. இதை எதிர்த்து யூ லுவோகெ என்ற தொழிலாளி ‘குடும்பப் பின்னணி பற்றி’ என்று எழுதிய கட்டுரை 1967-ல் வெளியானது. 1970-ல் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். 27 வயது.

ஸ்டாலினோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1937-38 களையெடுப்பில் அவரிடம் கோட்டா இருந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும் என்று ரகசியப் போலீஸுக்கு எண் போட்டு உத்தரவு போனது. சுடப்பட்டவர்கள் 6.8 லட்சத்துக்கு மேல். வேலை ராத்திரியில், மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. மாவோ அந்த வேலையைப் பட்டப்பகலில் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார். யார் எதிரி என்று கண்டுபிடிக்கும் பொறுப்பையே மக்களிடம் விட்டார். ‘முதலாளித்துவப் பாதையில் செல்லும் அதிகாரத்தில் உள்ளவர்’ என்றால் யார்? வரையறை கிடையாது. வரையறை இல்லாததால் யாரும் தப்ப முடியாது, எல்லோரும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிரூபிக்க ஒரே வழி, பக்கத்தில் இருப்பவரைக் காட்டிக்கொடுப்பது.

இதற்கான பயிற்சி பழையது. 1942-ல், அப்போது கட்சியின் தளமாக இருந்த யெனான் குகைகளில் நடந்த ‘திருத்த இயக்கத்திலேயே’ சுயவிமர்சனம் எழுதுவது, திரும்பத் திரும்ப எழுதுவது, அடுத்தவரைச் சுட்டுவது எல்லாம் வழக்கமாகிவிட்டன. நடத்தியவர் காங் ஷெங். 1966-ல் கலாசாரப் புரட்சிக் குழுவிலும் அதே காங் ஷெங் இருந்தார். அப்புறம் வேலையிடம். ரேஷன் சீட்டு, வீடு, திருமணத்துக்கு அனுமதி எல்லாம் அதன் கையில். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு; உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே காட்ட மாட்டார்கள். ஓடி ஒளிய இடமில்லாத சமூகத்தில் கூட்டத்தை அவிழ்த்துவிட்டதுதான் நடந்தது.

இரண்டாவது ஆகஸ்ட் 5

1967-ல் இந்தத் தேதி தற்செயல் இல்லை. சுவரொட்டியின் முதலாண்டு நிறைவு என்று தியனான்மென்னில் பெரும் பேரணி. அதே நேரத்தில் சொங்னான்ஹாய்க்குள் லியு, டெங், இன்னொரு மூத்த தலைவரான தாவ் சூ மூவரையும் அவரவர் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி விசாரணைக் கூட்டம்.

லியுவுக்கு அப்போது 68 வயது. கைகளைப் பின்னால் முறுக்கித் தூக்கி, தலையைக் கீழே அமுக்கி நிறுத்தினார்கள். அந்தத் தோரணைக்கு ‘ஜெட் விமானம்’ என்று பெயர். முகம் வீங்கிவிட்டது. செருப்பு மிதிபட்டுக் கழன்றுபோய், வெறும் காலுறையோடு நின்றார். மனைவி வாங் குவாங்மெய் பிடியிலிருந்து திமிறி அவர் கையைப் பற்றிக்கொண்டார். பிள்ளைகளைப் பார்க்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் முந்தைய வருடம் அதே பெண்கள் பள்ளியில் மாணவி.

கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியதும் லியு மேசையிலிருந்து அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்தார். நான் மக்கள் குடியரசின் தலைவர். என்னைத் தனிப்பட்ட முறையில் எப்படி நடத்தினாலும் பரவாயில்லை, ஆனால் இந்தப் பதவியின் கண்ணியத்தைக் காக்க வேண்டும், சட்டத்தை மீறுபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்ற பொருளில் பேசினார். நியாயமான பேச்சு. ஆனால் படிக்கும்போது ஒரு கசப்பு எழாமல் இல்லை. 1957-ல் 5.5 லட்சம் பேரின் முத்திரை விஷயத்தில் இந்தப் புத்தகம் யார் மேசையிலிருந்தும் வெளியே எடுக்கப்படவில்லை.

அவரை முறைப்படி நீக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1968 அக்டோபரில் மத்தியக் குழு கூடியது. இங்கே ஒரு கணக்கு வேடிக்கை. உயிரோடிருந்த முழு உறுப்பினர்கள் 87 பேர். களையெடுத்தது போக வர முடிந்தவர்கள் 40 பேர். பாதிகூட இல்லை. அதனால் மாற்று உறுப்பினர்கள் பத்துப் பேரைக் கூட்டத்தில் வைத்தே முழு உறுப்பினர்களாக்கினார்கள். 50 ஆயிற்று, சரி, கூட்டம் செல்லத் தேவையான எண்ணிக்கை வந்துவிட்டது. லியு ‘துரோகி, உளவாளி, கருங்காலி’ என்று தீர்மானம். கை தூக்கியபோது சென் ஷாவோமின் என்ற பெண் உறுப்பினர் மட்டும் மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு தூக்காமல் இருந்தார். ஐம்பதில் ஒரு கை.

நவம்பர் 24 லியுவின் 70-வது பிறந்தநாள். அன்றைக்கு என்று பார்த்து இந்த முடிவை வானொலி ஒலிபரப்பாக அவர் படுக்கைக்கு அருகில் போட்டுக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து, 1969 நவம்பர் 12 அன்று, கைஃபெங் நகரில் பூட்டிய கட்டிடம் ஒன்றில் அவர் இறந்தார். தகனப் பதிவில் பெயர் லியு வெய்ஹுவாங். தொழில்: இல்லை.

மூன்றாவது ஆகஸ்ட் 5: மாம்பழம்

அதற்குள் செங்காவலர்களின் கதையும் முடிந்திருந்தது. 1967 முழுக்க ஊருக்கு ஊர் இரண்டு கோஷ்டி, இரண்டுமே மாவோவின் பெயரால். சோங்சிங்கில் ஆயுத ஆலைகள் இருந்ததால் சண்டை பீரங்கி வரை போனது. 1968 ஜூலை 27 அன்று, சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைப் பிடித்து வைத்திருந்த கோஷ்டிகளைப் பிரிக்க 30,000 தொழிலாளர்களை மாவோ அனுப்பினார். மாணவத் தலைவர் க்வாய் தஃபூவின் ஆட்கள் ஈட்டியும் கையெறி குண்டுமாக எதிர்த்தார்கள். தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். 700 பேருக்கு மேல் காயம்.

மறுநாள் விடிவதற்குள் செங்காவலர் தலைவர்கள் ஐவரை மாவோ வரவழைத்தார். தொழிலாளர்களை ஏவிவிட்ட ‘கருப்புக் கை’ யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று க்வாய் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கருப்புக் கை நான்தான், என்னைப் பிடியுங்கள் என்றார் மாவோ. க்வாய் தஃபூ அழுதார். இரண்டு வருடமாக அவர் கையை வைத்துத்தான் மாவோ லியுவை அடித்தார். இப்போது அந்தக் கை தேவையில்லை.

ஆகஸ்ட் 5. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டி மாம்பழத்தை, அன்று மாவோ சிங்ஹுவாவில் இருந்த தொழிலாளர் குழுவுக்கு அனுப்பிவைத்தார். சுமார் நாற்பது பழங்கள். வட சீனாவில் மாம்பழத்தைப் பார்த்தவர்களே கிடையாது. பழம் ஒரு செய்தி என்று எல்லோருக்கும் புரிந்தது: இனி தலைவரின் அன்பு மாணவர்களுக்கு இல்லை, தொழிலாளர்களுக்கு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பழத்தைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தார்கள். ஆலைக்கு ஒன்று என்று பங்கு போனது. மருந்தில் ஊறவைத்தார்கள். மெழுகில் நகல் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஒரு நெசவாலையில் பீடத்தில் வைத்திருந்த பழம் அழுக ஆரம்பிக்கவும், உரித்துப் பெரிய அண்டாவில் கொதிக்கவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்ததாக மாவோவின் மருத்துவர் எழுதியிருக்கிறார். சேலத்துக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். தப்பில்லை. ஆனால் அந்தப் பழத்துக்கு முன் சிரித்தவர்களுக்கு அங்கே என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பரில், படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் ஏழை விவசாயிகளிடம் மறுகல்வி பெற வேண்டும் என்று மாவோவின் அறிவுரை வந்தது. மொத்தமாக 1.6 கோடிக்கு மேற்பட்டோர் போனார்கள். போர்க்குணம் வேண்டாமா என்று கேட்கப்பட்ட சோங் பின்பின்னும் உள்மங்கோலியாவுக்குப் போனார். அவரது தந்தை உயர் தலைவர். அதற்குள் அவரே களையாகிவிட்டிருந்தார்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நேர்செய்ய வேண்டும். கலாசாரப் புரட்சி என்றால் செங்காவலர்கள் அடித்து நொறுக்கும் 1966-தான் நம் நினைவுக்கு வருகிறது. அதிகமானோர் செத்தது அதற்குப் பிறகு, ராணுவமும் புதிய புரட்சிக் குழுக்களும் ஒழுங்கை மீட்ட 1968-லும் அதைத் தொடர்ந்தும்தான். ‘வர்க்க அணிகளைத் தூய்மைப்படுத்தல்’ என்று பெயர். உள்மங்கோலியாவில் இல்லாத ஒரு கட்சியின் உறுப்பினர்கள் என்று 3,46,000 பேரைப் பிடித்தார்கள். அதிகாரபூர்வக் கணக்குப்படியே 16,222 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்கள் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன.

அன்றைய தமிழ் இடதுசாரிகளுக்கு இதில் எவ்வளவு தெரிந்திருக்கும்? பீக்கிங் வானொலி 1963-லேயே தமிழில் பேசத் தொடங்கியிருந்தது. நக்சல்பாரியை ‘வசந்தத்தின் இடிமுழக்கம்’ என்று சீன நாளேடு 1967 ஜூலையில் வாழ்த்தியது, லியு முற்றத்தில் நிறுத்தப்படுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. இலங்கையில் சீனச் சார்புக் கட்சியை நடத்திய நா. சண்முகதாசன் மாவோவை நேரில் சந்தித்தவர், கலாசாரப் புரட்சியைக் கடைசிவரை உயர்த்திப் பிடித்தவர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது அதிகாரவர்க்கத்துக்கு எதிரான மக்கள் எழுச்சியாகத் தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அது அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பல இளைஞர்களும் அதை உண்மையாகவே நம்பினார்கள்.

எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஒரு வீடு. ஆன்ஹுய் மாகாணத்தில் 1970 பிப்ரவரி. ஒரு தாய் வீட்டுக்குள் வைத்து மாவோவைக் குறை சொன்னார், லியுவுக்கு நியாயம் வேண்டும் என்றார். 16 வயது மகன் அதை எழுதி அதிகாரிகளிடம் கொடுத்தான். இரண்டு மாதத்துக்குள் அந்தத் தாயைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த மகன் 2013-ல், அறுபது வயதை நெருங்கும்போது, பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு

1976 செப்டம்பரில் மாவோ இறந்தார். சியாங் சிங் உள்ளிட்ட நால்வர் கைதாகி 1980-81-ல் விசாரணை. லியுவுக்கு 1980-ல் மறுவாழ்வுத் தீர்மானம். க்வாய் தஃபூவுக்கு 1983-ல் 17 வருட சிறை. 1981-ல் கட்சி, கலாசாரப் புரட்சி பெரும் கேடு, தொடங்கியது மாவோவின் தவறு, ஆனால் அவர் புகழே முதன்மை என்று தீர்மானம் போட்டுக் கோப்பை மூடியது. படம் தியனான்மென் வாசலில் அப்படியே இருக்கிறது.

பியான் சொங்யுன்னின் பெயர் 1978-ல் துடைக்கப்பட்டது. கணவர் தொடுக்க முயன்ற வழக்கு மட்டும் நகரவில்லை. காலக்கெடு முடிந்துவிட்டது என்று அரசு வழக்குத் தொடரும் துறை கைவிரித்தது. 2014 ஜனவரியில் சோங் பின்பின் பள்ளிக்கு வந்து, பியானின் சிலைக்கு முன் தலைகுனிந்து நின்று, ஆசிரியர்களைக் காப்பாற்றத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டார். தான் அடிக்கவில்லை என்பது அவர் எப்போதும் சொல்லிவந்தது. சில நாட்களில் வாங் சிங்யாவின் அறிக்கை வந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அந்த மன்னிப்பை ஏற்க மறுத்தார். அன்று மைதானத்தில் கட்டையை ஓங்கிய கைகள் யாருடையவை என்று முதலில் சொல்லுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. உடைகளையும் படங்களையும் அவர் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்.